மேடையில் எது இடது, எது வலது? நாடகத்துக்குப் புதிதாக வருபவர்களுக்கு

கல்லூரி ஆண்டு விழாவுக்கோ அலுவலகப் பொங்கல் விழாவுக்கோ நாடகம் போடலாம் என்று நாலு பேர் கிளம்பியதும், முதல் நாள் ஒத்திகையிலேயே ஒரு குழப்பம் வரும். கூட்டத்தில் அனுபவமுள்ள ஒருத்தர் இருப்பார். அவர் பாட்டுக்கு "டவுன் ஸ்டேஜ் வா, அப்படியே லெஃப்ட்ல நில்லு, அவ டம்ளரைக் கீழ வைக்கிறதுதான் உனக்கு க்யூ" என்பார். புதிதாக வந்தவர் மேடையை விட்டே கீழே இறங்கப் பார்ப்பார். இந்தச் சொற்கள் எல்லாம் வேலைக்காக உண்டானவை. இருட்டிலும் அவசரத்திலும் பத்துப் பேர் ஒரே இடத்தில் முட்டிக்கொள்ளாமல் இருக்க ஏதாவது பெயர் வேண்டுமே, அதற்காக. அதனால் ஒவ்வொன்றையும் 'இது எந்தச் சிக்கலைத் தீர்க்க வந்தது' என்று கேட்டுக்கொண்டே படித்தால் மனப்பாடம் செய்யத் தேவையே இருக்காது. சேலத்துப் பக்கம் மாரியம்மன் பண்டிகைக்கு விடிய விடிய கூத்து பார்த்தவர்களுக்கு இதில் பாதி ஏற்கெனவே கண்ணுக்குப் பழக்கமானதுதான்.

முதலில் திசை. மேடையில் இடது, வலது எல்லாம் நடிப்பவர் கணக்கு. பார்வையாளர்களைப் பார்த்து நிற்கும் நடிகரின் வலது கைப்பக்கம்தான் மேடை வலது. எதிரே நாற்காலி போட்டு உட்கார்ந்திருக்கும் இயக்குநருக்கு அது இடது கைப்பக்கம், ஆனாலும் அவர்தான் மனசுக்குள் திருப்பிப் போட்டுச் சொல்ல வேண்டும். நடிகருக்கு வசனம், நகர்வு, வெளிச்சம் எங்கே விழுகிறது என்று ஏகப்பட்டது ஞாபகம் வைக்க இருக்கிறது. இந்தக் கணக்கையாவது சும்மா உட்கார்ந்திருப்பவர் போடட்டும்.

அடுத்தது மேல், கீழ். டவுன் ஸ்டேஜ் என்றால் பார்வையாளர்களுக்குப் பக்கத்தில் இருக்கும் முன்பகுதி, அப் ஸ்டேஜ் என்றால் பின்பகுதி. ஐரோப்பாவின் பழைய அரங்குகளில் பின்னால் நிற்பவரும் தெரிய வேண்டும் என்று மேடைத் தரையையே பின்பக்கம் உயர்த்தி, முன்பக்கம் சரிவாக அமைத்திருந்தார்கள். பின்னால் போவது நிஜமாகவே மேலே ஏறுவதுதான். இப்போது நம் ஹால்களில் தரை சமமாக இருக்கிறது, பெயர் மட்டும் தங்கிவிட்டது. இதிலிருந்து 'அப்ஸ்டேஜ் பண்ணுவது' என்று ஒரு வழக்கும் உண்டு. இரண்டு பேர் பேசும் காட்சியில் ஒருத்தர் மெல்ல மெல்லப் பின்னால் நகர்ந்தால், அவரைப் பார்த்துப் பேச வேண்டிய மற்றவர் பார்வையாளர்களுக்கு முதுகைக் காட்ட வேண்டி வரும், முகம் தெரிவது பின்னால் போனவருக்கு மட்டும்தான். தெரியாமல் செய்கிறவர்களும் உண்டு, தெரிந்தே செய்கிற மகாராசர்களும் உண்டு.

மேடைக்கு இரண்டு பக்கமும், பார்வையாளர் கண்ணில் படாமல் காத்திருக்கும் இடம்தான் விங்ஸ். பந்தல்காரர் முதல் மைக்செட்காரர் வரை எல்லோரும் சைடு விங் என்பார்கள். அங்கே நிற்பவர்களுக்கு ஒரே விதி: உங்களுக்கு முன்வரிசை ஆள் தெரிகிறார் என்றால் அவருக்கும் நீங்கள் தெரிகிறீர்கள். எட்டிப் பார்க்காதீர்கள்.

மேடையின் அமைப்பு பெரும்பாலும் மூன்றில் ஒன்றாகத்தான் இருக்கும். பள்ளி, கல்லூரி ஹால்கள் முக்கால்வாசியும் படச்சட்ட மேடை, அதாவது புரொசீனியம்: மூன்று பக்கம் அடைத்து, ஒரு பக்கம் மட்டும் திறந்து, அந்த வாய்க்கு ஒரு திரை. மேடை முன்னால் நீட்டிக்கொண்டு வந்து மூன்று பக்கமும் ஆள் உட்கார்ந்தால் அது த்ரஸ்ட். நடுவில் ஆட்டம், சுற்றிலும் கூட்டம் என்றால் அரீனா, வட்ட அரங்கு. கூத்துக்காரர்கள் ஆடும் இடத்துக்குக் களரி என்று பெயர். அதில் மூன்று பக்கம் சனம் இருக்கும், நாலாவது பக்கம் பெஞ்சு போட்டு ஹார்மோனியம், மிருதங்கம், முகவீணை, தாளம் என்று பின்பாட்டுக்காரர்கள் இருப்பார்கள். அவர்களுக்குப் பின்னால் வேஷம் கட்டும் கொட்டகை. ஹாலில் அதற்கு கிரீன் ரூம் என்று பெயர். எந்த மேடை என்பதைப் பொறுத்து நடிப்பே மாறும். படச்சட்ட மேடையில் பழகிய ஆளைக் களரியில் விட்டால் ஒரே பக்கம் பார்த்துப் பேசி, மீதிப் பேருக்கு இரவு முழுக்கக் காதையும் பிடரியையும்தான் காட்டுவார்.

மேடை, திரை எல்லாம் வெள்ளைக்காரன் கொண்டுவந்தது என்று யாராவது சொன்னால் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையைக் காட்டுங்கள். மாதவி ஆடும் அரங்குக்கு அளவே கொடுத்திருக்கிறார் இளங்கோ: ஏழு கோல் (பழைய நீள அளவு) அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம், இரண்டு வாசல். திரையும் மூன்று விதம். ஒரு பக்கத்திலிருந்து இழுப்பது ஒருமுக எழினி, இரண்டு பக்கமிருந்து வந்து நடுவில் சேர்வது பொருமுக எழினி, மேலிருந்து இறங்குவது கரந்துவரல் எழினி. நம் ஊர் ஹால்களில் கயிறு இழுத்தால் பாதியில் சிக்கிக்கொள்கிறதே, அது பொருமுக எழினி. அதைவிட எனக்குப் பிடித்தது, தூணின் நிழல் ஆடும் இடத்தில் விழாதபடி விளக்கை வைத்தார்கள் என்று போகிற போக்கில் ஒரு வரி வருவது. லைட் போடுகிற யாரைக் கேட்டாலும் இன்றைக்கும் முதல் தலைவலி அந்த நிழல்தான் என்பார்கள்.

படம் எழுதிய திரைகள் வேறு சங்கதி. பார்சி நாடகக் குழுக்களின் தாக்கத்தில், 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் அவை தமிழ் மேடையில் பரவின. தர்பார் சீன், காட்டு சீன், தெரு சீன் என்று சுருட்டி வைத்திருப்பார்கள். கதை எதுவானாலும் ராஜா வந்தால் அதே தர்பார்தான். 'சீன்' என்று நாம் சொல்வதில் இரண்டு அர்த்தம் கலந்து கிடப்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஒன்று பின்னால் தொங்கும் துணி, இன்னொன்று காட்சி. காட்சி என்றால் ஒரே இடம், ஒரே நேரத்தில் நடப்பது. பல காட்சிகள் சேர்ந்தது ஓர் அங்கம்.

சரி, மீதிச் சொற்களைத் தனித்தனியாக விளக்குவதைவிட ஒரு காட்சியைப் போட்டே பார்த்துவிடலாம். இடம், சேலம் செவ்வாய்ப்பேட்டையில் ஒரு வீட்டின் முன்னறை. கொலுசு வேலை நடக்கும் வீடு. முதலாளி வெள்ளியை எடை போட்டுக் கொடுப்பார், செய்த கொலுசை எடை போட்டு வாங்கிக்கொள்வார். அக்கா தரையில் உட்கார்ந்து சலங்கை முத்து கோர்க்கிறாள். யாரும் இல்லாத நேரத்தில் தம்பி ஒரு ஜோடிக் கொலுசைச் சட்டைப் பையில் போட்டதை நாம் முன்காட்சியிலேயே பார்த்துவிட்டோம், அக்காவுக்குத் தெரியாது. இப்போது அவன் வருகிறான்.

"சாப்பிட்டியாக்கா?"

"ம். நீ?"

"ஆச்சு." (சும்மா நிற்கிறான்) "எடை நாளைக்கா போடுறாங்க?"

"வெள்ளிக்கிழமை. ஏன்டா?"

"சும்மாதான் கேட்டேன்."

அவ்வளவுதான் காட்சி. வாயால் பேசுவது வசனம். பேசுவதற்கு அடியில் ஓடுவது உட்பொருள், நாடகக்காரர்கள் சப்டெக்ஸ்ட் என்பார்கள். 'எடை நாளைக்கா' என்பதன் உட்பொருள் 'மாட்டிக்கொள்ள எனக்கு எத்தனை நாள் இருக்கிறது' என்பது. அதை அவன் வாய்விட்டுச் சொல்லிவிட்டால் காட்சி செத்துப்போகும். புதிதாக எழுதுகிறவர்கள் பெரும்பாலும் சறுக்குவது இங்கேதான், மனசில் இருப்பதையெல்லாம் வசனத்தில் கொட்டிவிடுவார்கள், நடிகருக்கு நடிக்க ஒன்றும் மிஞ்சாது.

பாத்திரத்துக்கு அந்த நேரத்தில் என்ன வேண்டும் என்பது நோக்கம். ரஷ்ய இயக்குநர் ஸ்தனிஸ்லாவ்ஸ்கி (1863–1938) நடிகர்களை விடாமல் கேட்கச் சொன்ன கேள்வி இது. தம்பிக்கு வேண்டியது தகவல். அக்காவுக்கு வேண்டியது வேலையை முடித்துவிட்டுப் படுப்பது. இரண்டும் இடிக்கிறது, அந்த இடிப்புதான் முரண். முரண் என்றால் கத்திச் சண்டைதான் போட வேண்டும் என்பதில்லை. நமக்குத் தெரிந்தது அக்காவுக்குத் தெரியாமல் இருக்கிறதே, அதற்கு நாடக முரண்நகை என்று பெயர். அவள் சாதாரணமாக "ஏன்டா" என்று கேட்கும்போது நமக்கு வயிறு கலங்குவது அதனால்தான்.

யார் எங்கே நிற்பது, எப்போது எங்கே நகர்வது என்று முடிவு செய்வதற்குப் பெயர் பிளாக்கிங். அக்காவை டவுன் ஸ்டேஜில் உட்கார வைத்து, தம்பியை அவளுக்குப் பின்னால் நிறுத்தினால் அவன் முகத்தில் ஓடும் பயம் நமக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. இதே காட்சியில் இரண்டு பேரையும் எதிரெதிரே உட்கார வைத்துப் பாருங்கள், பொய் அந்த நிமிஷமே பிடிபட்டுவிடும் போல இருக்கும். வசனத்தில் ஓர் எழுத்துகூட மாறவில்லை, அர்த்தம் மாறிவிட்டது. பிளாக்கிங்கை நாடகப் பிரதியின் ஓரத்தில் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள், பேனா வேண்டாம், எப்படியும் மாற்றுவார்கள்.

'ஆச்சு' என்று சொன்ன பிறகு அவன் சும்மா நிற்கும் அந்த இடைவெளி இருக்கிறதே, அங்கே அவன் பேச்சை மாற்றலாமா என்று யோசிக்கிறான். காட்சியின் போக்கு திரும்பும் இப்படிப்பட்ட ஒவ்வொரு சிறு துண்டையும் பீட் என்பார்கள். பிரதியில் 'மௌனம்' என்று போட்டிருந்தால் அதுவும் நடிக்க வேண்டிய இடம்தான், வசனம் மறந்த மாதிரி நிற்கும் இடமில்லை.

கொலுசு, முத்து, தராசு எல்லாம் ப்ராப்பர்ட்டி, சுருக்கமாக ப்ராப். கையில் எடுத்துப் புழங்குவது கைப்பொருள், மேடையில் கிடக்கும் பெஞ்சு, பாய் எல்லாம் செட்டில் சேரும். ப்ராப்புகளுக்கு விங்கில் ஒரு மேசை போட்டு, ஒவ்வொன்றுக்கும் இடம் குறித்து, எடுத்தவரே திருப்பி வைக்க வேண்டும். தம்பியின் சட்டைப் பையில் கொலுசு இல்லாமல் மேடைக்குப் போய்விட்டால் மொத்த நாடகமும் அங்கேயே படுத்துவிடும்.

ஒருவர் எப்போது பேச வேண்டும், நுழைய வேண்டும், லைட்டை எப்போது மாற்ற வேண்டும் என்பதற்கான அடையாளம் க்யூ. அது வசனமாக இருக்கலாம், சத்தமாக இருக்கலாம். இங்கே அக்கா முத்துக் கிண்ணத்தைக் கீழே வைக்கும் சத்தம் தம்பியின் நுழைவுக்கு க்யூ என்று வைத்துக்கொண்டால், அவள் கிண்ணத்தை வைக்கும் வரை அவன் விங்கிலேயே நிற்பான். அவள் மறந்துவிட்டால்? அதற்குத்தான் பிராம்ப்டர். விங்கில் பிரதியோடு நின்று, வரி மறந்தவருக்கு முதல் இரண்டு சொல்லை மட்டும் எடுத்துக் கொடுப்பார். கடைசி வரிசை வரை கேட்கிற மாதிரி எடுத்துக் கொடுக்கிற பிராம்ப்டர்களும் நம் ஊரில் உண்டு.

இன்னும் இரண்டு. அக்கா உள்ளே போனதும் தம்பி தனியாக நின்று "வெள்ளிக்கிழமைக்குள்ள எப்படித் திருப்புவேன்" என்று பேசினால் அது தன்மொழி: தனக்குத்தானே பேசுவது, நாம் ஒட்டுக்கேட்கிறோம். அக்கா பக்கத்தில் இருக்கும்போதே நம் பக்கம் திரும்பி "தெரிஞ்சா கொன்னுடுவா" என்றால் அது அசைடு. நமக்குக் கேட்கும், ஒரு முழம் தள்ளி உட்கார்ந்திருக்கும் அக்காவுக்குக் கேட்காது. இதை நம்பித்தான் நாடகமே ஓடுகிறது, யாரும் வழக்குப் போட்டதில்லை.

நடிப்பு என்று பொதுவாகச் சொல்வதையும் பழைய நூல்கள் பிரித்திருக்கின்றன. பரதரின் நாட்டிய சாத்திரம் நாலு வகை அபிநயம் சொல்கிறது. உடலால் செய்வது ஆங்கிகம், குரலால் வாசிகம், உடை, ஒப்பனை, அணிகலன் எல்லாம் ஆஹார்யம், உள்ளே உணர்ந்து மெய்சிலிர்ப்பதும் கண்ணீர் வருவதும் சாத்விகம். 'ஏன்டா' என்று கேட்கும்போது அக்காவின் கை முத்துக் கோர்ப்பதை நிறுத்துகிறதே, அது ஆங்கிகம். ஆனால் சரியாகச் செய்தால் பாதி சாத்விகம். தொல்காப்பியம் நகை, அழுகை, இளிவரல் (இழிவு), மருட்கை (வியப்பு), அச்சம், பெருமிதம், வெகுளி (கோபம்), உவகை என்று எட்டு மெய்ப்பாடு, அதாவது உள்ளத்து உணர்ச்சி உடலில் தெரிவது, சொல்லும். ஒத்திகையில் "கொஞ்சம் ஃபீல் பண்ணி நடி" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்கிற இயக்குநர், அச்சமா இளிவரலா என்று ஒரு சொல் சொன்னால் நடிகருக்கு எவ்வளவோ உதவி.

அப்புறம் நான்காவது சுவர். நம் செவ்வாய்ப்பேட்டை அறைக்கு மூன்று சுவர் மேடையில் இருக்கிறது. நாலாவது, பார்வையாளர் பக்கம். அங்கேயும் ஒரு சுவர் இருப்பதாக நடிகர்கள் எடுத்துக்கொண்டு, நாம் உட்கார்ந்திருப்பதே தெரியாத மாதிரி நடிப்பார்கள். 18-ஆம் நூற்றாண்டில் பிரான்சில் திதரோ என்பவர் நடிகர்களுக்குச் சொன்ன யோசனை இது, யதார்த்த நாடகத்துக்கு அடிப்படையாகிவிட்டது. ஜெர்மன் நாடகாசிரியர் பிரெக்ட் (1898–1956) இதற்கு நேர் எதிர். பார்வையாளன் கதையில் மூழ்கி அழுதுவிட்டு வீட்டுக்குப் போகக் கூடாது, யோசிக்க வேண்டும், அதனால் இது நாடகம் என்பதை அடிக்கடி ஞாபகப்படுத்து என்றார். இதற்குத் தூரப்படுத்தல், அந்நியமாக்கல் என்றெல்லாம் தமிழில் எழுதுகிறார்கள். 1935-இல் மாஸ்கோவில் மெய் லான்ஃபாங் என்ற சீன நடிகரின் ஆட்டத்தைப் பார்த்துவிட்டு அதைப் பற்றிக் கட்டுரையே எழுதினார் பிரெக்ட்.

அவர் மாஸ்கோவுக்குப் பதில் சேலத்துக்குப் பக்கத்தில் ஓமலூருக்கு ஒரு பண்டிகைக்கு வந்திருக்கலாம். கூத்தில் நான்காவது சுவர் என்று ஒன்று எந்தக் காலத்திலும் இருந்ததில்லை. துரியோதனன் வரும் விதத்தைப் பாருங்கள். இரண்டு பேர் ஒரு துணியைப் பிடித்துக்கொண்டு நிற்பார்கள், திரை அதுதான். அதற்குப் பின்னால் நின்றபடியே அவன் பாடுவான், கிரீடத்தின் உச்சி மட்டும் துணிக்கு மேலே மின்னும், சலங்கைச் சத்தம் ஏறும், தாளம் ஏறும், சின்னப் பிள்ளைகள் எழுந்து உட்கார்ந்துவிடும், அப்புறம்தான் துணி விலகும். உடனே கூத்தின் கோமாளியான கட்டியங்காரன் போய் "யாருங்க நீங்க, எந்த ஊரு?" என்று அந்த மகாராஜாவையே விசாரிப்பான். ராஜா தன் பெருமையைச் சொல்வார், அவன் அதைக் கிண்டல் செய்வான், நடுவில் ஊர்த் தண்ணீர்ப் பிரச்சினையையும் இழுப்பான். யாராவது நூறு ரூபாய் அன்பளிப்புக் கொடுத்தால் அத்தினாபுரமே காத்திருக்க, கொடுத்தவர் பெயரைச் சொல்லி வாழ்த்திவிட்டுத்தான் கதை தொடரும். பாத்திர அறிமுகம், பின்கதை, நகைச்சுவை, விமர்சனம் எல்லாம் ஒரே ஆள் வழியாக நடக்கிறது. வடமொழி நாடகத்தில் நாடகத்தை நடத்திச் செல்லும் சூத்திரதாரனும் சிரிக்க வைக்கும் விதூஷகனும் செய்யும் வேலை இரண்டும் இவனிடம் இருக்கிறது.

கூத்தில் ஒப்பனைக்கு முகவெழுத்து என்று பெயர். கிருஷ்ணனுக்குப் பச்சை, துரியோதனனுக்குச் சிவப்பு என்று நிறத்தைப் பார்த்தே தூரத்தில் இருப்பவர் ஆளைச் சொல்லிவிடுவார். கிரீடம், தோளில் கட்டும் புஜகீர்த்தி, மார்ப்பதக்கம் எல்லாம் எடை குறைந்த மரத்தில் செதுக்கிக் கண்ணாடித் துண்டு பதித்தவை. சொல்லிக்கொடுத்து நடத்துபவர் வாத்தியார். இந்த வாத்தியார் என்ற அழைப்பு, தொழில்முறைக் குழுக்கள் நடத்திய கம்பெனி நாடகத்திலும் உண்டு. சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) அப்படி எத்தனையோ பிள்ளைகளுக்குப் பாட்டும் வசனமும் சொல்லிக்கொடுத்தவர். சிறுவர்களையே வைத்து நடத்திய பாய்ஸ் கம்பெனிகளில் பழகியவர்கள்தான் பிறகு பேசும் படத்துக்குப் போனார்கள். 1935-இல் டி. ஆர். சுந்தரம் சேலம் ஏற்காடு ரோட்டில் தொடங்கிய மாடர்ன் தியேட்டர்ஸ் சினிமாக் கம்பெனிக்கும் மேடையிலிருந்து கதையும் ஆளும் வந்தன. 1950-இல் அங்கே எடுத்த 'மந்திரி குமாரி' முதலில் மு. கருணாநிதி எழுதிய நாடகம்.

ஸ்பெஷல் நாடகம் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் ராஜபார்ட் (கதாநாயகன்), ஸ்திரீபார்ட் (கதாநாயகி), பபூன் (கோமாளி) என்ற சொற்கள் அங்கேதான் இன்னும் உயிரோடு இருக்கின்றன. நடிகர்கள் வெவ்வேறு ஊரிலிருந்து தனித்தனியாக ஒப்பந்தமாகி, அன்றைக்கு இரவு மேடையில்தான் சந்திப்பார்கள். ஒத்திகை கிடையாது. கதையும் பாட்டும் எல்லோருக்கும் தெரியும், யார் எந்த பார்ட் என்பது மட்டும் பேசி வைத்தது. இடையில் வள்ளியும் முருகனும் தர்க்கம் செய்வதெல்லாம் அந்த நேரத்தில் எடுத்து விடுவது, அதாவது இம்ப்ரவைசேஷன். அடித்தளம் உறுதியாக இருந்தால்தான் இப்படி ஆட முடியும். வசனம் மறந்தவன் உளறுவதற்கு இந்தப் பெயர் கிடையாது.

தெருக்கூத்தையும் வீதி நாடகத்தையும் ஒன்று என்று நினைப்பவர்கள் நிறைய. கலெக்டர் அலுவலகம் பக்கத்தில் பத்துப் பேர் ஒரே நிறச் சட்டையில் வட்டமாக நின்று, கொட்டு அடித்து, கால் மணி நேரத்தில் டெங்கு பற்றியோ கூலி பற்றியோ சொல்லிவிட்டுப் போகிறார்களே, அது வீதி நாடகம். மேடை, லைட், டிக்கெட் எதுவும் வேண்டாம் என்று வங்காளத்தில் பாதல் சர்க்கார் (1925–2011) மூன்றாம் அரங்கு என்று முன்வைத்த யோசனைகள் இதற்குப் பெரிய உரம். டெல்லிப் பக்கம் வீதி நாடகக் கலைஞர் சஃப்தர் ஹஷ்மி 1989 புத்தாண்டு அன்று தெருவில் நாடகம் போட்டுக்கொண்டிருந்தபோது தாக்கப்பட்டு மறுநாள் இறந்தார். தெருக்கூத்து வேறு மரபு: இரவு முழுக்க, இசையோடு, பெரும்பாலும் பாரதக் கதை, கோயில் சடங்கோடு ஒட்டியது.

லைட்டைப் பற்றி ஆரம்பத்துக்கு இவ்வளவு போதும். மேடை முழுக்கப் பரவுவது ஜெனரல், ஓர் இடத்தில் மட்டும் விழுவது ஸ்பாட், மெல்ல ஏற்றி இறக்குவது டிம்மர், மொத்தமாக அணைப்பது பிளாக் அவுட். ஸ்பாட்டுக்குள் நிற்கிறோமா என்று குனிந்து தரையைப் பார்க்காதீர்கள், முகத்தில் சூடு தெரியும். ஏற்காடு கோடை விழா மாதிரி திறந்தவெளியில் போடுவதாக இருந்தால் லைட்டைவிடச் சத்தம்தான் கவலை. மலைக்காற்றில் மைக் ஊதல் ஊதும், மே மாதம் சாயங்காலம் மழையும் பிடித்துக்கொள்ளும். வயர்களுக்குத் தார்ப்பாய் போடச் சொல்லி முதலிலேயே கேட்டுவிடுங்கள்.

ஒத்திகையும் ஒரே மாதிரி கிடையாது. எல்லோரும் உட்கார்ந்து படிப்பது வாசிப்பு ஒத்திகை, பிறகு பிளாக்கிங், பிறகு நிறுத்தாமல் முதலிலிருந்து கடைசி வரை ஓட்டுவது ரன் த்ரூ. லைட், சவுண்ட் ஆட்களுக்காக மட்டும் நடத்துவது டெக்னிக்கல். அன்றைக்கு நடிகர்கள் மணிக்கணக்கில் சும்மா நிற்க வேண்டும், கோபப்படக் கூடாது. கடைசியாக உடை, ஒப்பனையோடு நடப்பது டிரஸ் ரிகர்சல், அதில் யார் தப்பு செய்தாலும் நிறுத்தாமல் சமாளித்துப் போக வேண்டும். நாடகம் தொடங்கிவிட்டால் இயக்குநருக்கு வேலை இல்லை, அன்றைய ராஜா ஸ்டேஜ் மேனேஜர்தான். எல்லா க்யூவும் அவர் வாயிலிருந்து போகும். முடிந்ததும் எல்லோரும் வந்து கும்பிடுவது கர்ட்டன் கால். அதற்கும் ஒரு முறை ஒத்திகை பார்த்துவிடுங்கள், பார்க்காத குழுக்கள் கடைசியில் கல்யாண வீட்டு போட்டோவுக்கு நிற்பதுபோல் இடித்துக்கொண்டு நிற்பார்கள். அப்புறம் ஸ்ட்ரைக், அதாவது செட்டைப் பிரிப்பது. கதாநாயகனும் ஆணி பிடுங்க வேண்டும். ஹால் வாடகை ஓடிக்கொண்டிருக்கிறது, வாட்ச்மேன் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு நிற்கிறார்.